எடை பத்து, வளைவு முந்நூறு

நேயர்களுக்கு வணக்கம்.

தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புக் கை. 100 மில்லிமீட்டர் சதுரக் குழாய். தூணிலிருந்து அரை மீட்டர் தள்ளி 200 கிலோ மோட்டார் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கையைத் தூணோடு எப்படி வெல்டு செய்வது என்று பட்டறையில் கேட்டால், "200 கிலோதானே, ரெண்டு பக்கமும் ஒரு இழுப்பு இழுத்தாப் போதும்" என்பார்கள். எடை மட்டும்தான் கண்ணில் படுகிறது.

சரி, கணக்குப் போடுவோம். இடது, வலது பக்கங்களில் மட்டும் வெல்டு, மொத்தம் 200 மில்லிமீட்டர். சுமை சுமார் 2000 நியூட்டன். எடைக்கு மட்டும் பார்த்தால் ஒவ்வொரு மில்லிமீட்டர் வெல்டுக்கும் 10 நியூட்டன்தான். ஆனால் சுமை அரை மீட்டர் தள்ளி நிற்கிறதே! அது கையை வளைக்கப் பார்க்கும் திருப்புத்திறன், அதாவது சுமையைத் தூரத்தால் பெருக்கியது, 10 லட்சம் நியூட்டன்-மில்லிமீட்டர். இந்த வெல்டு வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதற்கு ஒரு அளவு உண்டு: வெல்டு உயரமான 100-இன் வர்க்கத்தை மூன்றால் வகுத்தால் 3333. இதனால் 10 லட்சத்தை வகுத்தால் மில்லிமீட்டருக்கு 300 நியூட்டன் வருகிறது. வளைவு, எடையைப் போல 30 மடங்கு!

5 மில்லிமீட்டர் ஃபில்லட் வெல்டின், அதாவது இரண்டு பரப்புகள் சேரும் மூலையில் முக்கோணமாகப் போடும் வெல்டின், த்ரோட் (அதன் மிக மெல்லிய குறுக்களவு) 3.5 மில்லிமீட்டர். ஆக, 300-ஐ 3.5 ஆல் வகுத்தால் தகைவு, அதாவது பரப்பின்மேல் விழும் விசை, சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 86 நியூட்டன். அசையாத சுமையை இது தாங்கிவிடும். ஆனால் மோட்டார் அதிரும். மேலும், இந்த 86 வருவது வெல்டின் மேல்நுனியிலும் கீழ்நுனியிலும். வெல்டிங் ராடைத் தொடங்கி நிறுத்தும் இடங்கள் அவைதான். பள்ளமும் வெடிப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும். அதனால்தான் வெல்டை மூலையில் நிறுத்தாமல் கொஞ்சம் சுற்றிக் கொண்டுவந்து முடிக்க வேண்டும்.

இப்போது அதே 200 மில்லிமீட்டரைக் குழாயின் மேல்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலுமாகப் போடுங்கள். 3333 ஆக இருந்த அளவுக்கு இப்போது அகலத்தை உயரத்தால் பெருக்க வேண்டும்: 10,000. மில்லிமீட்டருக்கு 300 ஆக இருந்தது 100 ஆகிவிடுகிறது. ஒரு ராடுகூட கூடுதலாக எரியவில்லை. நான்கு பக்கமும் சுற்றிப் போட்டால் 75.

வெல்டைத் தடிமனாக்கலாமே என்று தோன்றும். 5 மில்லிமீட்டரை 7 ஆக்கினால் பலம் 40 சதவீதம்தான் கூடும்; உருகும் உலோகமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சூடும் கோணலும் அதோடு சேர்ந்து வரும்.

சைட்டில் அடிப்பக்கத்தை விட்டுவிடுவார்கள், அண்ணாந்து வெல்டு செய்வது சிரமம் என்பதால். முடிந்தவரை பட்டறையிலேயே குழாயை ஒரு பிளேட்டில் சுற்றிலும் வெல்டு செய்து, அப்புறம் பிளேட்டைத் தூணில் போல்ட் போட்டு முடுக்குங்கள். எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 800 விதிமுறையும் பட்டறை வெல்டுக்குப் பாதுகாப்புக் காரணி (வெல்டின் பலத்தை வகுத்துக் குறைத்துக் கணக்கில் எடுக்கும் எண்) 1.25, சைட் வெல்டுக்கு 1.5 என்றுதான் வைத்திருக்கிறது. வரைபடத்தில் வெல்டு அம்புக்குறி மடங்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட மறக்காதீர்கள். சுற்றிலும் வெல்டு என்று அதற்கு அர்த்தம்.

வணக்கம்.