பி ஃபார் நிமோனியா!

அடுத்த கேள்வி. "சார், போனில் ஈமெயில் ஐடி சொன்னால் பி-யா, டி-யா, வி-யா என்று மூன்று தடவை கேட்கிறார்கள். என் உச்சரிப்பு அவ்வளவு மோசமா? அப்புறம் ‘பி ஃபார் நிமோனியா’ என்று ஒரு ஜோக் சுற்றுகிறதே, அதில் என்ன சிரிப்பு?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

முதலில் உங்கள் உச்சரிப்பை விட்டுவிடுவோம், பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. பி, சி, டி, ஜி, வி எல்லாமே ‘ஈ’ என்றுதான் முடிகின்றன, அதிலும் பி இரண்டு, டி இரண்டு. (தமிழில் எழுதினால் இரண்டு பி-யும் ஒன்றுதான், அது தனிக்கதை.) வாயைத் திறக்கும்போது வருகிற ஒரு துளிச் சத்தத்தில்தான் வித்தியாசமே இருக்கிறது. பழைய டெலிபோன் லைனில் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள சத்தம்தான் போகும், எஸ்-ஸில் வருகிற அந்த ‘ஸ்ஸ்’ பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் பாதி வழியிலேயே காணாமல் போய்விடும், கேட்பவருக்கு எஃப் மாதிரி இருக்கும்.

அதனால்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்லைத் துணைக்கு அனுப்புகிறோம். விமானிகள் சொல்கிற ஆல்ஃபா, பிராவோ, சார்லி பட்டியல் 1956 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஜூலியட்டுக்குக் கடைசியில் டி இரண்டு போட்டிருப்பார்கள். ஒன்று மட்டும் போட்டால் பிரெஞ்சுக்காரர் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவார்.

சரி, ஜோக்குக்கு வருவோம். துணைக்குப் போகிற சொல்லுக்கு ஒரே வேலைதான், தன் முதல் எழுத்தைக் காதில் போடுவது. நிமோனியா அந்த ஒரு வேலையையும் செய்யாது. எழுதும்போது முதலில் பி இருக்கும், சொல்லும்போது வாயே திறக்காது. சுனாமியில் முதல் எழுத்து டி. ஞாபக உத்திக்கு ஆங்கிலத்தில் ‘நிமோனிக்’ என்று பெயர், அது தொடங்குவது எம்-மில், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவே தனியாக ஒரு உத்தி வேண்டும். எனக்குப் பிடித்தது ‘டபிள்யூ ஃபார் ஒய்’. ‘ஏன்’ என்று கேட்கிற ஒய்தான். எதிரில் இருப்பவர் எழுதுவது டபிள்யூவா ஒய்-யா என்று அவருக்கே தெரியாது. ‘க்யூ ஃபார் க்யூ’ என்றால் இன்னும் மோசம், வரிசையில் நிற்கிற அந்தச் சொல்லில் முதல் எழுத்து மட்டும் பேசும், பின்னால் நாலு எழுத்து சும்மா வரிசையில் நிற்கும்.

எங்கள் மாமா ஒருவர், பெயர் நாகராஜன், பார்சல் புக் பண்ணும்போது மிகுந்த நம்பிக்கையோடு "என் ஃபார் நாலெட்ஜ்" என்றார். அந்தப் பக்கம் இருந்த பையன் நன்றாகப் படித்தவன் போல, நாலெட்ஜ் கே-யில்தானே தொடங்கும் என்று கே போட்டுவிட்டான். பார்சல் ‘காகராஜன்’ பெயருக்கு வந்தது. கொடுக்க வந்தவர் வாசலில் நின்று சத்தமாக அப்படியே கூப்பிட்டார், தெருவே கேட்டது.

நமக்கு இந்த வம்பு இல்லையா என்றால், உண்டு. ஆனால் நாம் சொல்லைத் தேடுவதில்லை, மூணு சுழியா ரெண்டு சுழியா என்று எழுத்தின் உருவத்தையே சொல்லிவிடுகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஊர்ப் பெயராகச் சொல்லுங்கள். ஒரு பி-க்கு பாம்பே, இன்னொன்றுக்கு பாரிஸ். முதல் சத்தம் கொஞ்சம் மழுங்கினாலும் ஊர் பிடிபட்டுவிடும். பாரிஸ் என்றதும் கேட்பவர் சென்னை பாரிஸ் கார்னரை நினைத்தாலும் பாதகமில்லை, அதுவும் அதே பி-தான். ஆனால் மும்பை என்று சொல்லிவிடாதீர்கள். பெயர் மாறியது 1995-இல், மெட்ராஸ் சென்னை ஆனது 1996-இல், இருந்தாலும் கஸ்டமர் கேர் லைனில் இரண்டு பழைய ஊர்களும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.