மரத்தில் தொங்கும் மேடும் பள்ளமும்

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூர் சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் நடக்க முடியாது. கடைக்குக் கடை காகித நட்சத்திரமும் பளபளக்கும் உருண்டையும்தான். அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை; என் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்திலும் நாலைந்து தொங்குகின்றன. ஆனால் வீட்டிலேயே மைதா மாவில் செய்து, கையால் வண்ணம் தீட்டுகிற தொங்கலுக்குக் கணக்கு வேறு.

கண்ணாடி உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் லௌஷா என்ற சிற்றூரில் 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடி ஊதுகிறவர்கள் அதைச் செய்து உலகமெங்கும் அனுப்பினார்கள். உள்பக்கம் வெள்ளிப் பூச்சு, வெளியே வண்ணம். எங்கிருந்து வெளிச்சம் பட்டாலும் திருப்பி அடித்துவிடும். நம் மைதா மாவுக்கு அந்த வசதி கிடையாது. வழவழவென்று தேய்த்துச் சிவப்புப் பெயிண்ட் அடித்த மாவு நட்சத்திரம், நாலடி தள்ளி நின்று பார்த்தால் வெறும் சிவப்பு அட்டைதான். மேடு பள்ளம் இருந்தால்தான் மேட்டில் வெளிச்சம் படும், பள்ளத்தில் நிழல் விழும், பொருள் கண்ணுக்குத் தெரியும். அதனால் என் கட்சி இதுதான்: முதலில் தடம், அப்புறம்தான் வண்ணம்.

மாவு சுலபம். இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் பொடி உப்பு, முக்கால் டம்ளர் தண்ணீர். வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம். சவுக்குக் கிளை வெட்டி வைக்கிற வீடுகளில் பாரம் தாங்காமல் கிளை தலை தொங்கிவிடும்.

தடம் பதிக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. முறுக்கு அச்சின் வில்லை, சீப்பு, பழைய புடவையின் ஜரிகைக் கரை எல்லாம் உதவும். எனக்குப் பிடித்தது கற்பூரவல்லி இலை. அடிப்பக்கம் நரம்பு புடைத்திருக்கும். அந்தப் பக்கத்தை மாவின் மேல் வைத்துக் குழவியால் ஒரே ஒரு தடவை உருட்டுங்கள். இரண்டாம் தடவை உருட்டினால் கோடு இரட்டையாகிவிடும். ஒரு தொங்கலுக்கு ஒரு தடம் போதும். இலையும் ஜரிகையும் சீப்பும் ஒன்றாகப் பதித்தால் எதுவுமே தெரியாது.

ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒரு முறை திருப்பிப் போட்டு. ஓவன் இல்லாதவர்கள் மொட்டை மாடி வெயிலில் சில நாள் வைக்கலாம், இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஆறியதும் ஓரங்களை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள்.

இனி வண்ணம். முதலில் தந்த நிறத்தில் ஒரு பூச்சு, நன்றாகக் காயட்டும். அடர் பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துப் பள்ளமெல்லாம் இறங்கும்படி பூசி, காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மேட்டில் இருப்பது போய்விடும், நரம்பில் இருப்பது தங்கும். கடைசியில் பொன் நிறம். பிரஷ் நுனியில் கொஞ்சம் தொட்டு, பழைய செய்தித்தாளில் தேய்த்துத் தேய்த்து எடுங்கள். இதில் பெயிண்டே இல்லையே என்று தோன்றுகிறதா, அதுதான் சரியான அளவு. அந்தப் பிரஷைப் படுக்கவைத்து லேசாகத் தடவினால் மேடு மட்டும் பொன்னாகும். குழந்தைகளுக்கு இந்த இடத்தில் பொறுமை போய்விடும், பெரியவர்களுக்கும்தான்! சீரியல் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்துக்கொண்டே தீட்டுங்கள். மேலே எரியும் டியூப்லைட்டில் பார்த்தால் மேடு பள்ளம் சரியாகத் தெரியாது.

பின்பக்கத்தையும் விடாதீர்கள். நூலில் கட்டியது காற்றுக்குச் சுழலத்தான் செய்யும். வார்னிஷ் இரண்டு பக்கமும் ஓட்டைக்குள்ளும் படவேண்டும். உப்பு ஈரத்தை இழுக்கும், பெங்களூரில் டிசம்பர் மழையும் உண்டு. வீட்டில் நாய் இருந்தால் கீழ்க்கிளைகளில் இவற்றைக் கட்டவே கட்டாதீர்கள். அவ்வளவு உப்பு அதன் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட வீடுகளுக்குச் சுட்ட மண்தான் நல்லது. பெங்களூரில் பாட்டரி டவுன் பகுதிக் குயவர்களிடம் உங்கள் இலையைக் கொடுத்துச் சிறு வில்லைகளாகச் செய்து தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் இதே வண்ண முறைதான், தந்த நிறப் பூச்சு மட்டும் தேவையில்லை.

ஜனவரியில் கழற்றும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, மூடி இறுக்கமான தகர டப்பாவில் போடுங்கள். பூச்சு உதிர்ந்த இடம் தெரிந்தால் அப்போதே வார்னிஷ் தொட்டு வைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.