கிர்பால் சிங்கை எங்கே விட்டீர்கள்?

மேடையில் இருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

'தி இங்கிலீஷ் பேஷண்ட்' படத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 1996-இல் வந்த படம். இயக்கியவர் ஆந்தனி மிங்கெல்லா. ஒன்பது ஆஸ்கர் வாங்கியது. புகழ்ச்சியை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு அந்தப் படத்தோடு ஒரு வழக்கு இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், இத்தாலியில் ஒரு பாழடைந்த மடாலயம். உடலெல்லாம் வெந்துபோன ஒருவன். அவனுக்குப் பணிவிடை செய்யும் கனடா நாட்டுச் செவிலி ஹானா. அவன் நினைவில் சகாரா பாலைவனம், அடுத்தவன் மனைவி காதரீன். குகையில் காயத்தோடு கிடக்கும் அவளை மீட்க அவனுக்கு விமானம் வேண்டும். அதற்காகத் தன் வரைபடங்களை ஜெர்மானியரிடம் கொடுத்துவிடுகிறான். தன் கட்டைவிரல்கள் போனதற்கு இவனே காரணம் என்று பழிவாங்க வந்த கரவாஜியோகூட, கதையைக் கேட்டு மனம் மாறிவிடுகிறான். நாமும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். காதலுக்காக என்று சொல்லிவிட்டால் எதையும் மன்னிக்கும் கூட்டம் சினிமா பார்க்கும் கூட்டம்! தங்கம் தியேட்டரை நிறைத்த மதுரைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூல நாவலை எழுதியவர் கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி. 1992-இல் புக்கர் பரிசு பெற்ற நாவல். அதில் கிப் என்றழைக்கப்படும் கிர்பால் சிங் வருகிறான். ஆங்கிலேயப் படையில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் சீக்கியன். வெள்ளைக்காரனின் ஊரைக் காப்பாற்றத் தன் விரல் நுனியில் உயிரை வைத்து வேலை செய்தவன். ஒருநாள் வானொலியில் ஜப்பான்மீது அணுகுண்டு விழுந்த செய்தி வருகிறது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நேரே நோயாளியின் கட்டிலுக்குப் போய்க் குறிவைக்கிறான். வெள்ளைக்காரர் நாடாக இருந்தால் இந்தக் குண்டைப் போட்டிருக்கவே மாட்டார்கள் என்பதைக் கரவாஜியோவும் உணர்கிறான். கிப் சுடவில்லை. ஹானாவையும் அந்தப் படையையும் விட்டுப் போய்விடுகிறான். இந்தியா திரும்பி மருத்துவனாகிறான்.

படத்தில் இது இல்லை. கூட வேலை செய்த ஹார்டி குண்டு வெடித்து இறக்கிறான், கிப் துயரப்படுகிறான், பிறகு வேறிடத்துக்குப் போகிறான். அவ்வளவுதான். நாவலில் கோபமாக இருந்தது படத்தில் சோகமாகிவிட்டது. தேவாலயச் சுவரோவியங்களைக் காட்டக் கயிற்றில் ஹானாவை அவன் உயர்த்தும் காட்சி அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாவலில் கயிற்றில் ஏறுவது ஹானா அல்ல, ஒரு முதிய அறிஞர். காதலுக்கு உதவும் இடத்தில் கூட்டியிருக்கிறார்கள். உறுத்தும் இடத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

இதை மதுரையில் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கப் போய், போர் முடிந்து திரும்பி, இதே ஊரில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்துக்கொண்டு ஒய்.எம்.சி.ஏ. அறையில் காலம் கழித்தவர் நாவலாசிரியர் ப. சிங்காரம். அவருடைய 'கடலுக்கு அப்பால்' 1959-இல் புத்தகமாக வந்தது. பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்க்கும் செல்லையா, முதலாளி மகள் மரகதத்தை விரும்புகிறான். இடையில் நேதாஜியின் படையில் சேர்ந்துவிடுகிறான். திரும்பி வந்தவனுக்குப் பெண் தர முதலாளிக்கு மனமில்லை. துப்பாக்கி பிடித்த கைக்குப் பேரேடு ஒத்துவராது என்பது அவர் கணக்கு. போர் இந்தக் காதலர்களைக் குண்டு போட்டுப் பிரிக்கவில்லை. கடைத் திண்ணையில் உட்கார்ந்து, வரவு செலவு பார்த்துப் பிரிக்கிறது. அந்த முதலாளி கெட்டவரும் அல்ல. அதுதான் சிங்காரத்தின் கெட்டிக்காரத்தனம்.

இந்த அவையில் படம் எடுக்கும் ஆசையுள்ள இளைஞர்கள் சிலர் இருக்கிறீர்கள். இந்த நாவலை நீங்கள் எடுக்க வந்தால், தயாரிப்பாளர் முதலில் கேட்கப்போவது கப்பலில் ஒரு பாட்டும், கடைசியில் ஒரு கல்யாணமும்தான். பாட்டை வைத்துக்கொள்ளுங்கள், பாதகமில்லை. முதலாளியை மட்டும் வில்லனாக்கிவிடாதீர்கள். அவர் சொல்லும் 'முடியாது' முழுதாகத் திரையில் வரட்டும். நன்றி, வணக்கம்.