வளர்த்தாலும் முத்துதான்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷமாக முத்து கோக்கிறேன். நூல் நைந்த மாலைகள் வரும். பிரித்து, கழுவி, புதுப் பட்டுநூலில் கோத்துக் கொடுப்பேன். கொண்டுவருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "இது அசலா, வளர்ப்பு முத்தா?"

வளர்ப்பு முத்தும் அசல்தான். வளர்க்காமல் கிடைப்பது இயற்கை முத்து. கண்ணாடி மணிக்கோ பிளாஸ்டிக் மணிக்கோ மினுக்குச் சாயம் பூசினால், அதுதான் போலி.

சிப்பிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். இன்னொரு சிப்பியின் ஓட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய சதையில் ஒரு துணுக்கு வெட்டி, கிளிஞ்சலில் கடைந்த ஓர் உருண்டையோடு சேர்த்து உள்ளே வைக்கிறார்கள். அந்தச் சதை உருண்டையைச் சுற்றிப் பையாக வளர்ந்து, படலம் படலமாகப் பூசுகிறது. மனிதர் சிப்பிகள் வளரும் கூண்டைக் கழுவலாம், அலை குறைந்த இடத்துக்கு மாற்றலாம். ஒளியைக் கொடுப்பது சிப்பிதான்.

1893-ல் ஜப்பானின் முத்து வளர்ப்பு முன்னோடி மிகிமோட்டோ முதலில் எடுத்தது அரை உருண்டை வடிவ முத்துதான். முழு உருண்டைக்கான வழியைக் கண்டதில் மிசே, நிஷிகாவா என்ற இருவருக்கும் பெரும் பங்கு உண்டு. 1920-களில் அந்த முத்து ஐரோப்பாவுக்குப் போனது. பாரிஸ் வியாபாரிகள் போலி என்று கூச்சல் போட்டார்கள். வழக்குவரை போய், கடைசியில் வளர்ப்பு முத்துதான் நின்றது.

இங்கே ஒரு கதையைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. 1917, நியூயார்க். ஐந்தாவது அவென்யூவில் மார்ட்டன் பிளான்ட் என்ற செல்வந்தருக்கு ஒரு மாளிகை. அவர் மனைவிக்கோ கார்ட்டியே நகைக்கடையில் இருந்த இரட்டைச் சர மாலையின்மேல் ஆசை. எல்லாம் இயற்கை முத்து. விலை பத்து லட்சம் டாலர். கடைக்காரருக்கு அந்த மாளிகைமேல் கண். பேசி முடித்தார்கள்: மாலையும் நூறு டாலர் ரொக்கமும் இந்தப் பக்கம், மாளிகை அந்தப் பக்கம். ஒரு மாலைக்கு ஒரு மாளிகை! அந்த அம்மாள் காலமான பின், 1957-ல் மாலை ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,51,000 டாலர். இடையில் 1929-ன் பொருளாதார வீழ்ச்சியும் வந்தது, வளர்ப்பு முத்தும் வந்தது. சிலருக்கே என்றிருந்த முத்து பலர் கழுத்துக்கு வந்துவிட்டது. ஏலத்தில் விலை இறங்கியதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பலர் கழுத்துதான் கண்ணில் படுகிறது.

அப்படியானால் வளர்ப்பு முத்து மலிவுதானே என்பீர்கள். எல்லாம் இல்லை. சீனாவின் நன்னீர்ச் சிப்பி ஒன்றிலேயே பல முத்து விளையும். அதனால் விலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கடல் சிப்பியில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அதிலும் 2019-ல் ஜப்பானில் அகோயா என்ற கடல் முத்துச் சிப்பியின் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. வரத்து குறைந்தது, சீனாவில் வாங்குகிறவர்கள் பெருக, விலை விறுவிறுவென ஏறியது.

எந்த முத்தானாலும் நான் பார்ப்பது படலத்தின் கனத்தைத்தான். அவசரப்பட்டுச் சீக்கிரம் எடுத்தால் படலம் மெல்லிசாக நிற்கும்; திருப்பிப் பார்த்தால் உள் உருண்டை கண்ணைச் சிமிட்டும். கனத்த படலத்தில் ஒளி ஆழத்திலிருந்து வரும். உருண்டை வடிவத்துக்கும் பருமனுக்கும் மயங்காதீர்கள், ஒளியைப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஒளியைப் பாருங்கள். மிகிமோட்டோ 1932-ல் கோபே நகரில் மட்டமான முத்துகளைக் குவித்து எல்லார் கண்முன்னும் எரித்தார். தரம் கெட்டால் முத்தின் பேரே கெடும் என்று அவருக்குத் தெரியும்.

பராமரிப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. சுருக்கமாக: சென்ட், பவுடர் எல்லாம் போட்ட பிறகு முத்தைப் போடுங்கள். கழற்றியதும் வியர்வையை மெல்லிய துணியால் துடையுங்கள். வினிகர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள். அடிக்கடி போடுகிற மாலையா, வருஷத்துக்கு ஒருமுறை நூலை மாற்றுங்கள். முத்துக்கு முத்து முடிச்சு இருக்கட்டும். வணக்கம்.