படைத்தவர் என்றால் தொடங்கி வைத்தவர் மட்டும்தானா?

[திரையில்: வாடிகன் நகரம், 1951]

1951 நவம்பர் 22 அன்று, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வாடிகனின் அறிவியல் கழகத்தில் ஓர் உரை ஆற்றினார். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்ற கண்டுபிடிப்பை எடுத்துக்காட்டி, 'ஒளி உண்டாகட்டும்' என்று கடவுள் சொன்ன அந்த முதற்கணத்துக்கே இன்றைய அறிவியல் சாட்சி பகர்வதுபோல் இருக்கிறது என்ற பொருள்பட அவர் பேசினார். விசுவாசிகள் மகிழ்வதற்கு உரிய செய்திதான். ஆனால், பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்திருக்கலாம் என்ற அறிவியல் கோட்பாட்டை உருவாக்கியவருக்கே அந்த உரை நெருடலாக இருந்தது. அவர் கடவுளை மறுத்தவர் அல்லர். பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவர் ஜார்ஜ் லெமைத்ர்.

[திரையில்: குருவுடையில் லெமைத்ர், பின்னால் கரும்பலகை]

1894இல் பிறந்த லெமைத்ர், முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் பணியாற்றியபின் 1923இல் குருப்பட்டம் பெற்றார். ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளிலிருந்து பிரபஞ்சம் விரிகிறது என்ற முடிவை 1927இல் அவர் வெளியிட்டபோது, கணக்கு சரி, ஆனால் இயற்பியல் அருவருப்பானது என்று ஐன்ஸ்டைனே அவரிடம் சொன்னார். 1931இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த குறுங்கட்டுரையில், உலகம் ஒற்றைக் குவாண்டத்திலிருந்து, அதாவது ஆற்றலின் ஒற்றைப் பொட்டலத்திலிருந்து, தொடங்கியிருக்கலாம் என்று அவர் எழுதினார். இன்று நாம் பெருவெடிப்பு என்று சொல்லும் கோட்பாட்டின் வித்து அதுதான்.

அப்படியானால் திருத்தந்தையின் உரையில் அவருக்கு என்ன நெருடல்? இதற்கு விடை காண, படைப்பைப் பற்றிக் கிறிஸ்தவம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

[திரையில்: நிசேயா, 325]

காண்பவை காணாதவை யாவற்றையும் படைத்தவர் கடவுள் என்று, 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய திருச்சபை ஆயர்களின் பொதுச்சங்கம் அறிக்கையிட்டது. 'யாவற்றையும்' என்பதே இங்கு முக்கியம். ஏற்கெனவே இருந்த மூலப்பொருளைத் தெய்வக் கைவினைஞர் ஒருவர் ஒழுங்குபடுத்தினார் என்று கிரேக்க மெய்யியலில் பிளேட்டோவின் மரபு சொன்னது. இந்தப் பருப்பொருள் உலகம் தாழ்ந்தது, அதைச் செய்தவரும் தாழ்ந்த தெய்வமே என்று இரண்டாம் நூற்றாண்டில் சிலர் போதித்தார்கள். லியோன் நகர ஆயர் இரேனியு போன்றவர்கள் இரண்டையும் மறுத்தார்கள். கடவுளுக்கு மூலப்பொருள் எதுவும் தேவையில்லை. அவர் ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார். அவர் படைத்தது நல்லது. உடலும் மண்ணும் இழிவானவை அல்ல என்ற கிறிஸ்தவப் பிடிவாதத்துக்கு வேர் இதுவே.

காலமும் படைக்கப்பட்டதே என்றார் புனித அகுஸ்தினார். உலகத்தைப் படைப்பதற்கு 'முன்' கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி, அதனாலேயே பொருளற்றுப் போகிறது.

இதில் மிகத் தொலைவு சென்றவர் 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று அவர் நம்பினார். ஆனால் திருவெளிப்பாட்டினால்தான் அதை அறிகிறோம், வெறும் பகுத்தறிவால் அதை நிறுவ முடியாது என்றார். ஒரு பேச்சுக்கு, உலகம் தொடக்கமே இல்லாமல் என்றென்றும் இருந்துவந்திருந்தாலும் அது படைக்கப்பட்டதாகவே இருக்கும்; ஏனெனில் படைப்பு என்பது முன்னொரு நாள் நடந்து முடிந்த நிகழ்ச்சி அன்று, இருப்பவை அனைத்தும் ஒவ்வொரு கணமும் தம் இருப்புக்காகக் கடவுளையே சார்ந்திருக்கும் உறவு. குயவர் எழுந்து போனபின்னும் பானை இருக்கும். பாடுகிறவர் நிறுத்தினால் பாட்டு இருக்காது. உலகம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 'அவருக்குள் நாம் பிழைக்கிறோம், அசைகிறோம், இருக்கிறோம்' என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வதும் இதையே.

[திரையில்: விரியும் அண்டத்தின் வரைபடம்]

லெமைத்ரின் நெருடல் இப்போது விளங்கும். 1951இல் அவருடைய கோட்பாடு நிறுவப்பட்டிருக்கவில்லை. தொடக்கமே இல்லாத, என்றும் ஒரே நிலையில் இருக்கும் பிரபஞ்சம் என்ற போட்டிக் கோட்பாடு 1948 முதல் வலுவாக நின்றது. விசுவாசத்தை ஒரு கருதுகோளோடு முடிச்சுப் போட்டால், கருதுகோள் சரியும் நாளில் விசுவாசமும் சரிந்ததாகத் தோன்றும். அதைவிடப் பெரிய இழப்பு, படைத்தவரைக் காரணச் சங்கிலியின் முதற்கண்ணியாக மட்டும் சுருக்கிவிடுவது என்று நான் கருதுகிறேன். அப்படிப்பட்ட கடவுளுக்கு அதன்பின் வேலையே இல்லை. கிறிஸ்தவர்கள் நாள்தோறும் நன்றி செலுத்தும் கடவுள் அவர் அல்லர்.

1931 கட்டுரையின் கைப்படியிலும் கடவுளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அச்சுக்குப் போகுமுன் லெமைத்ரே அதை அடித்துவிட்டார். 1952 செப்டம்பரில் உரோமையில் கூடிய வானியலாளர்களிடம் பேசிய பன்னிரண்டாம் பயஸும், முந்தைய ஆண்டின் ஒப்பீட்டை மீண்டும் எடுக்கவில்லை. 1958இல் பிரசல்ஸில் நடந்த, இயற்பியலாளர்கள் கூடும் சால்வே மாநாட்டில் லெமைத்ர் தம் நிலையைத் தெளிவாகவே சொன்னார்: இந்தக் கோட்பாடு மெய்யியலுக்கும் சமயத்துக்கும் முற்றிலும் வெளியே நிற்கிறது, கடவுளை மறுப்பவர் மறுக்கத் தடையில்லை, நம்புகிறவருக்கோ, தம்மை மறைத்துக்கொண்டிருக்கிற தேவன் என்று ஏசாயா அழைத்தவரோடு இது இசைந்தே போகிறது.