பிள்ளைகளை மிரட்டாமல் பேய்ப்படம் எடுப்பது

(குறும்பட இயக்குநர்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்குகிற பிள்ளைகள். வெளியே ஏதோ ஒன்று நடமாடுகிறது. முதல் படம் எடுக்க வருகிறவர்களில் பலர் கையில் இந்தக் கதைதான் இருக்கிறது. செட் போட வேண்டாம், பெரிய நடிகர் வேண்டாம், இருட்டுக்குக் காசு இல்லை என்று நினைத்து இறங்குகிறார்கள். இறங்குவதற்கு முன் இந்த வகைப் படங்களில் பேர்பெற்றவற்றை ஒரே ஒரு கேள்வியோடு போட்டுப் பாருங்கள். அவற்றில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?

1980 மே மாதம் அமெரிக்காவில் வெளியான ‘ஃப்ரைடே தி தர்ட்டீந்த்’ படத்தை எடுத்துக்கொள்வோம். ஷான் கன்னிங்ஹாம் இயக்கியது. நியூஜெர்சி மாநிலத்தில் சாரணச் சிறுவர்களுக்கென்று நடக்கிற ‘நோ-பி-போ-ஸ்கோ’ என்ற நிஜ முகாமில், கோடைக்காலம் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு, 1979 செப்டம்பரில் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். கதையே சிறுவர் முகாம் கதை. ஆனால் கொலைகள் நடப்பது முகாம் திறப்பதற்கு முந்தைய நாள்களில். தயார்ப்படுத்த வந்த இளைஞர்கள் மட்டும்தான் அங்கே. பிள்ளைகளுக்குச் சமைக்கப் போகிறேன் என்று ஆசையோடு கிளம்பி வரும் பெண் முகாமுக்கு வந்துசேர்வதே இல்லை. 1958-இல் நடப்பதாக வரும் தொடக்கக் காட்சியில் பிள்ளைகள் படுக்கையில் தூங்குகிறார்கள். அதற்குப் பிறகு அந்த முகாமுக்கு ஒரு பிள்ளையும் வருவதில்லை.

ஆனாலும் படம் முழுக்க ஒரு பிள்ளை இருக்கிறது. எப்படி? குரலாக. இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி, ஏரியில் மூழ்கிப்போன மகனின் குரல், கொலைகளைச் செய்யும் அவன் தாயின் காதில் ஒலிப்பதைக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டார். ‘கில் ஹர், மம்மி’ (அவளைக் கொல்லு அம்மா) என்று ஆங்கிலத்தில் வரும் அந்த வாசகத்திலிருந்து ‘கி’, ‘மா’ என்று இரண்டு எழுத்துகளைப் பிய்த்து, மைக்கில் சொல்லி எதிரொலிக்க விட்டார். கொலைகாரர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே இசை வரும், இல்லையென்றால் வராது என்றும் வைத்துக்கொண்டார். இந்த ஒழுங்கைப் பார்வையாளர் அறியாமலே கற்றுக்கொள்கிறார். இசை இல்லாத இடத்தில் மூச்சு விடுகிறார்.

கடைசியில் ஏரியிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து படகில் இருக்கும் பெண்ணைப் பிடிப்பான். அதில் நடித்த பையனுக்கு அப்போது வயது 14. படத்திலேயே அதிகம் திடுக்கிட வைக்கும் இடம் அதுதான். கவனியுங்கள், அது நல்ல பகல் வெளிச்சத்தில் நடக்கிறது. தண்ணீர் அமைதியாக இருக்கிறது, இசை தாலாட்டுப் போல ஓடுகிறது. பயத்துக்கு இருட்டு கட்டாயம் இல்லை. பிள்ளையை ராத்திரியில் காட்டுக்குள் நிறுத்த வேண்டியதும் இல்லை.

அடுத்தது ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’. 1997 அக்டோபரில் மேரிலாந்தின் செனிகா க்ரீக் பூங்காக் காட்டில் 8 நாள் எடுத்த படம். டேனியல் மைரிக், எட்வர்டோ சாஞ்செஸ் இருவரும் இயக்கினார்கள். காட்டில் நடித்தவர்கள் 3 பேர்; மூவரும் வயதுவந்தவர்கள். படம் பிடித்ததும் அவர்களே; கையில் ஒரு ஹை-8 வீடியோ கேமரா, ஒரு 16 எம்எம் ஃபிலிம் கேமரா. போகவேண்டிய இடத்தை ஜிபிஎஸ் கருவி காட்டும். அங்கே ஃபிலிம் டப்பாவுக்குள், என்ன செய்ய வேண்டும் என்று அவரவர்க்குத் தனித்தனிச் சீட்டு இருக்கும். ஒருவர் சீட்டில் உள்ளது இன்னொருவருக்குத் தெரியாது. நாளாக ஆக உணவைக் குறைத்தார்கள். ராத்திரியில் இயக்குநர்களே வந்து கூடாரத்தை உலுக்கினார்கள். வேடத்தை விட்டு வெளியே வர வேண்டுமென்றால் சொல்வதற்கு ஒரு சொல்லையும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். சுமார் 20 மணி நேரப் பதிவு கிடைத்தது. வெட்டி வெட்டி 81 நிமிடமாக்கினார்கள்.

அந்தப் படத்தில் கூடாரத்துக்கு வெளியே பிள்ளைகள் சிரிப்பது கேட்கும். பார்த்தவர்களுக்கு மறக்காது. அந்தக் காட்டில் ஒரு பிள்ளையும் இல்லை. வீட்டுப் பக்கம் விளையாடிய பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்துவைத்து, டேப் ரிக்கார்டர்களில் இருட்டுக்குள்ளிருந்து ஓட விட்டார்கள்.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன். வயதுவந்த ஒருவர் ஒப்புக்கொண்டு, நிறுத்தச் சொல்லும் உரிமையையும் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே பயப்படலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஒப்புதலைக் கொடுக்கத் தெரியாது. பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பயம் பிள்ளையுடையதுதான். ‘நிஜ ரியாக்‌ஷன் வேணும், சொல்லாம முகமூடியோட பாய்ந்துடு’ என்று அசிஸ்டென்ட்டிடம் காதோடு சொல்கிற இயக்குநர்கள் இருக்கிறார்கள். அது கொடுமை. வேலையாகப் பார்த்தாலும் தோல்வி. ஒரு டேக் கிடைக்கும். ஃபோகஸ் போயிருந்தால் அதுவும் போச்சு. இரண்டாவது டேக்கில் பிள்ளை கேமராவுக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார் என்று தேடும். நாலாவது நாள் வரமாட்டேன் என்று அழும். ‘தி ஷைனிங்’ படத்தில் சின்னப் பையனாக நடித்த டேனி லாய்டுக்குத் தான் நடிப்பது பேய்ப்படம் என்பதே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பையன் முகத்தில் இல்லாத பயமா?

பயத்தைத் துண்டு துண்டாகச் செய்து, பிறகு கோக்க வேண்டும். பிள்ளை ஒரு துண்டை மட்டும் கொடுத்தால் போதும். மீதியை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் கூடாரத்துக்குள் நடக்கும் காட்சிகள். அவற்றைக் காட்டில் எடுக்காதீர்கள். ஒரு மண்டபத்தின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்தால் காலை 11 மணிக்கே நள்ளிரவு கிடைக்கும். இரண்டு பேர் தூங்குகிற கூடாரத்தில் மூன்று பிள்ளைகளும் கேமராவும் அடங்காது. நான்கு பேர் கூடாரம் வாங்கி, ஒரு பக்கச் சுவரை வெட்டி எடுத்துவிடுங்கள். இரண்டரை அடி மேடை போட்டு அதன்மேல் நிறுத்தினால் கேமராமேன் குனியாமல் வேலை பார்ப்பார். அடர்பச்சைத் துணியில் வெளிச்சம் ஊடுருவாது. வெளிர் நிறத்தில், ஒற்றைத் துணியாக இருக்க வேண்டும். விளக்குச் சூட்டில் உள்ளே சீக்கிரம் புழுங்கும் என்பதால் ஒவ்வொரு டேக்குக்கும் நடுவே பிள்ளைகளை வெளியே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுங்கள்.

துணியில் விழும் நிழலை எல்லோரும் தப்பாகச் செய்கிற இடத்தில் சற்று நிற்கிறேன். உருவம் நெருங்கி வருவதைக் காட்ட வேண்டும், நிழல் பெரிதாக வேண்டும். உடனே நடிகரைக் கூடாரத்தை நோக்கி நடக்கச் சொல்வார்கள். நிழல் சிறுத்துவிடும்! விளக்கு கூடாரத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ஆள் கூடாரத்துக்கு 1 மீட்டரில் நின்றால் நிழல் அவரைவிடக் கொஞ்சம்தான் பெரிது, 1.2 மடங்கு. அவர் பின்வாங்கி விளக்குக்கு 2 மீட்டர் அருகில் போனால் 3 மடங்கு. திரையில் நெருங்கி வரும் பேய், தரையில் பிள்ளைகளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும் ஆள். பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு எது? அதோடு நாலடி உயரக் கூடாரத்தில் முழு ஆள் நிழல் அடங்காது. கையை மட்டும் காட்டுங்கள். 20 சென்டிமீட்டர் உள்ளங்கை துணியில் 60 சென்டிமீட்டராக விரியும். விளக்கு சின்னதாக, டிஃப்யூஷன் (ஒளியைப் பரப்பும் திரை) எதுவும் போடாமல் இருந்தால்தான் விரல் நுனி கூர்மையாக விழும். ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட் பாக்ஸ் போட்டால் மேகம் போல ஏதோ அசையும், அவ்வளவுதான். இன்னொன்று, உள்ளே டார்ச் எரிந்தால் வெளி நிழல் கழுவினாற்போல மறைந்துவிடும். இதைக் குறையாக எடுக்காதீர்கள், காட்சியாக எழுதிக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளை ‘டார்ச்சை அணைடா’ என்கிறாள், தம்பி அணைக்கிறான், துணியில் கை நிழல் ஏற்கெனவே இருக்கிறது.

வெளிக்காட்சிகளுக்கு ‘டே ஃபார் நைட்’. பகலில் எடுத்து ராத்திரியாக்குவது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘அமெரிக்க இரவு’ என்பார்கள். வெயில் நடிகர்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் பதியும் ஒளியை, ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்), கேமராவின் வெள்ளைச் சமநிலையை (வெள்ளை ஒயிட்டாகத் தெரிய வைக்கும் நிற அமைப்பை) 3200 கெல்வினில் வைத்தால் நீலம் ஏறும். வானம் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடர்ந்த மரக்கூரை இருப்பதால் காடு இதற்கு வாகான இடம். ஆனால் இலை இடுக்கில் தரையில் விழும் வெயில் பொட்டுகள் காட்டிக்கொடுக்கும். மூட்டமான நாளாகப் பாருங்கள், இல்லையென்றால் மேலே 20 அடிக்கு 20 அடி துணி கட்டுங்கள். இந்த முறைக்கு ஒத்துவராதது டார்ச் வெளிச்சம். பகலில் அது பதியாது. டார்ச் பிடித்துப் பிள்ளைகள் நடக்கும் ஷாட்டுகளை மட்டும் பொழுது சாய்ந்ததும் கிடைக்கும் 20, 30 நிமிடத்துக்கு ஒதுக்கி, மத்தியானமே ஒத்திகையை முடித்துவிடுங்கள்.

தொலைவில் வரும் ஆபத்தைக் காட்ட 1955-இல் வந்த ‘தி நைட் ஆஃப் தி ஹன்டர்’ படத்தைப் பாருங்கள். ஓடிப்போன இரண்டு பிள்ளைகளில் மூத்தவன் வைக்கோல் பரணிலிருந்து பார்க்க, தொடுவானத்தில் கொலைகாரன் குதிரையில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறான். எல்லாம் ஸ்டுடியோவுக்குள். தூரம் போதாது என்பதால் குட்டையான ஒருவரை மட்டக்குதிரையில் ஏற்றிவிட்டார் ஒளிப்பதிவாளர் ஸ்டான்லி கோர்டெஸ். பிள்ளைகளை அந்த ஆபத்தோடு ஒரே ஃபிரேமில் நெருக்கி நிறுத்தாமலே காட்சி நெஞ்சை அடைக்கிறது.

ரத்தம். சர்க்கரைப் பாகும் சமையல் சிவப்பு நிறமும் கலந்து, ஒரு துளி நீலம் விட்டால் போதும். பழைய ஹாலிவுட் சூத்திரத்தில் ஃபிலிம் கழுவும் ‘ஃபோட்டோ ஃப்ளோ’ திரவமும் சேரும். துணியில் முத்து முத்தாக நிற்காமல் பரவுவதற்காக. அது வாயிலோ கண்ணிலோ படக் கூடாத பொருள். ‘ஃப்ரைடே தி தர்ட்டீந்த்’ படத்திலேயே முகத்தில் ஒட்டிய ஒப்பனைக்கு அடியில் அந்த ரத்தம் கசிந்து ஒரு நடிகரின் கண்ணில் கடும் எரிச்சல் உண்டானது. பிள்ளை பக்கத்தில் போகும் எதையும் முதலில் நீங்கள் நாக்கில் வைத்துப் பாருங்கள். வைக்கத் தயங்கினால் அது செட்டுக்கு வேண்டாம். அதே படத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து அம்பு கழுத்தைத் துளைக்கும் காட்சியில் ரத்தக் குழாய் பம்பிலிருந்து கழன்றுவிட்டது. ஒப்பனைக் கலைஞர் டாம் சவினியின் உதவியாளர் குழாயை வாயில் வைத்து ஊதினார். நாடித் துடிப்புப் போல ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது அந்த ஊதலால்தான். அந்தக் கழுத்தும் மார்பும் பொம்மை. நடிகரின் தலை மட்டும் கட்டில் ஓட்டை வழியாக வெளியே இருந்தது.

கேம்ப் ஃபயருக்கு விறகை நம்பாதீர்கள், டேக்குக்கு டேக் தீ மாறும். ஓட்டை போட்ட கேஸ் குழாயை விறகுக்கு நடுவே மறைத்தால் ஒரே உயரத்தில் எரியும், ‘கட்’ சொன்னதும் அணையும். அதன் இரைச்சல் வசனத்தைக் கெடுக்கும் என்பதால் வசனத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளுக்குப் பருத்தி உடுப்பு, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் 9 முதல் 15 வயது வரை செட்டில் 9 மணி நேரம். அதில் வேலை 5, படிப்பு 3, ஓய்வு 1. நம் நாட்டில் 2017 விதிகளின்படி நாளுக்கு 5 மணி நேரம்தான், தொடர்ச்சியாக 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 5 பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பேரில் வைப்புநிதியாகப் போக வேண்டும். ஷெட்யூலை இதற்குள் போடுங்கள்: பிள்ளையின் குளோஸ்-அப் முதலில், முதுகு தெரியும் ஓட்டங்களுக்கு உயரம் குறைந்த பெரியவர் டூப். முகமூடி போடுபவர் முதல் நாளே பிள்ளை எதிரில் உட்கார்ந்து, போட்டுக் காட்டி, கழற்றிக் காட்டி, பிள்ளையையும் போட்டுப் பார்க்க விட வேண்டும். பயந்து மூச்சு வாங்குவதை நிஜமாகச் செய்யச் சொன்னால் தலை சுற்றும். மூன்று மூச்சு எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள், மீதியை டப்பிங்கில் நிரப்பலாம்.

ஒலிக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். காட்டின் சில்வண்டு இரைச்சலை 5 நிமிடம் வெட்டில்லாமல் எடுங்கள். ஆள் நெருங்கினால் பூச்சிகள் அடங்கிவிடும் என்பது நிஜம். ஆகவே ஆபத்து வருவதற்கு 2 விநாடி முன்னால் அந்த இரைச்சலைச் சட்டென்று நிறுத்தினால் குச்சி முறியும் சத்தம்கூடத் தேவைப்படாது.

பிள்ளைகளின் சிரிப்பை ஒரு சாயங்காலம் விளையாட்டு மைதானத்தில் பதிவு செய்யுங்கள். மைக்கை மறந்து அவர்கள் விளையாட ஆரம்பித்த பிறகு வரும் 10 நிமிடம்தான் பயன்படும். அதை அப்படியே படத்தில் ஒட்டினால் மைதானத்துச் சிரிப்பாகவே இருக்கும். ராத்திரி காட்டுக்கு ஒரு ஸ்பீக்கரை எடுத்துப் போய், 30, 40 மீட்டர் தள்ளி மரங்களுக்கு நடுவே வைத்து ஓட விட்டு, கூடாரத்துக்குள் இருக்கும் மைக்கில் மறுபடி பதிவு செய்யுங்கள். மரமும் காற்றும் சேர்ந்து மேல் சுருதிகளைத் தின்றுவிடும். வார்த்தை புரியாது, பிள்ளைகள் என்று மட்டும் தெரியும். ஸ்பீக்கரை இரண்டு மூன்று இடம் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஒரு தடவை போதும், அதுவும் 4 விநாடிக்குள். இதற்குக் காட்டுக்குப் போக வேண்டியது ஒலிப்பதிவாளரும் ஒரு துணையாளும்தான். அந்த நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.