கோட்டைக்குள் பிறந்த பல்கலைக்கழகம்

(வேலூரில் முதலாண்டு மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, வேலூர்க் கோட்டை என்றதும் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நினைவுக்கு வரும். வர வேண்டியதுதான். அதே கோட்டைக்குள்தான் 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் பிறந்தது. அகழியைத் தாண்டி, ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக மாணவர்கள் வகுப்புக்கு நடந்தார்கள். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று நாலு மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. அப்புறம்தான் காட்பாடிப் பக்கம் சேர்க்காட்டில் பெரிய வளாகம்.

வட ஆர்க்காட்டுக்குக் கல்லூரி புதிதல்ல. வேலூர் ஊரீசு கல்லூரி 1898லேயே வந்துவிட்டது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் அங்கே படித்த பிறகுதான் சென்னை கிறித்துவக் கல்லூரிக்குப் போனார். 1918இல் இதே வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1922இல் 14 பெண்கள் படிப்பை முடித்தார்கள். ஆண் மாணவர்களை அங்கே சேர்த்துக்கொண்டது 1947இல்தான்! இதை எந்த மேடை ஏறினாலும் சொல்லிவிடுவேன்.

ஆனால் எங்கள் வீட்டுக் கதை வேறு. நாங்கள் குடியாத்தம். அக்கா பி.ஏ. முடித்தபோது மேலே படிக்க ஆசைப்பட்டாள். "மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணுமா? பொட்டப்புள்ளைய அனுப்ப முடியாது" என்றார் அப்பா. பணமும் இல்லை, மனமும் இல்லை. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தாள் அக்கா. அவளுக்காகப் பேசாமல் இருந்துவிட்டேனே என்று இன்றைக்கும் வருந்துகிறேன்.

பல்கலைக்கழகம் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? அக்கா மகள் எம்.ஏ. படித்தாள். காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுவாள், விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்புவாள். விடுதி வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். இப்போது காலை நேரத்தில் காட்பாடி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். தறிக்காரர் மகள், ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாவின் மகள் என்று நின்றுகொண்டே குறிப்பேட்டைப் புரட்டுகிற பிள்ளைகள்தான் அதிகம். வளாகம் என்றால் எனக்குக் கட்டடத்துக்கு முன்னால் அந்த பஸ்தான் தெரிகிறது.

தேர்வு சமயத்தில் அக்காவும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பீடி இலை வெட்டுவாளாம். "சத்தமாப் படிடி, எனக்கும் கேக்கட்டும்" என்பாளாம்.